டயாப்பருக்கு வரி குறைஞ்சாச்சு... சிறுநீர்க் கசிவுக்கு சிகிச்சை இருப்பதை யார் சொல்வது?

மோகனூரிலிருந்து நாமக்கல் சுமார் 18 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்தே அப்படித்தான். ஆனாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும், கண் ஆஸ்பத்திரி என்றாலும், "நான் வரலைங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்ளும் ஒரு அம்மாவோ பாட்டியோ பல வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டால் முழங்கால் வலி என்பார்கள், வெயில் ஒத்துக்கவில்லை என்பார்கள். நிஜக் காரணம் வேறாக இருக்கலாம். இருமினால், தும்மினால், வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டால் சேலை நனைந்துவிடுமோ என்ற பயம்.

இதற்குப் பெயர் சிறுநீர்க் கசிவு. பேசவே கூச்சப்படும் இந்தப் பிரச்னை 2025-ல் ஒரு வரிச் செய்தியின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், கிளினிக்கல் டயாப்பர்களுக்கான வரியை 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. செப்டம்பர் 22 முதல் அது அமலுக்கு வந்தது. டிவி, கார், சோப்பு, ஷாம்பு விலை குறைப்புச் செய்திகளுக்கு நடுவே இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று டயாப்பர் மாற்ற வேண்டிய வீட்டுக்கு இது நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. மாதவிடாய் நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே வரி முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரின் டயாப்பருக்கு இன்னும் 5 சதவீதம் ஏன் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. டயாப்பர் ஈரத்தை உறிஞ்சும், கசிவை நிறுத்தாது. நடமாடிக்கொண்டிருக்கும் பல பெண்களுக்கு, கசிவைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிகிற சிகிச்சை இருக்கிறது. அதன் முதல் படிக்கு மாத்திரை வேண்டாம், கத்தி வேண்டாம், காசும் வேண்டாம். அது ஏன் மோகனூர் வரை வந்து சேரவில்லை?

"வயசானா அப்படித்தான்" என்பது சரியா?

பாதி சரி, பாதி தவறு. வயது கூடக்கூட கசிவு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் முடி நரைப்பது போல எல்லோருக்கும் வந்தே தீரும் விஷயம் இல்லை. வந்தவர்கள் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முப்பது வயதில், முதல் பிரசவம் முடிந்த கையோடு இதை அனுபவிக்கும் பெண்களும் நிறைய இருக்கிறார்கள். "வயசு" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு என்ன பதில்?

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள, குழந்தையைப் போடும் தூளியை நினைத்துப் பார்க்கலாம். முன்பக்க இடுப்பு எலும்பில் இருந்து பின்பக்க வால் எலும்பு வரை, உடம்பின் அடியில் ஒரு தசைத் தூளி கட்டியிருக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் இடுப்புத்தள தசை என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாம் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். தூளி இறுக்கமாக இருந்தால் சிறுநீர்க் குழாயைத் தாங்கிப் பிடித்து மூடிவிடும். தொய்ந்து போயிருந்தால் மூடாது, சில சொட்டுகள் வெளியே வந்துவிடும். இது அழுத்தக் கசிவு. தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, மாடிப்படி இறங்குவது எல்லாம் இதைத் தூண்டும்.

இன்னொரு வகை உண்டு. திடீரென்று அடக்க முடியாத உணர்வு வரும், பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் போய்விடும். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டாலே சிலருக்கு வந்துவிடும். இங்கே சிக்கல் தூளியில் இல்லை. சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்குகிறது. இதை அவசரக் கசிவு என்று சொல்லலாம். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் ஏராளம். மூன்றாவதாக, சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது. நீண்டநாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும் இது வரும். எந்த வகை என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கிப் போடுவது இதனால்தான் ஆபத்து. அவசரக் கசிவுக்கான மாத்திரையை நிரம்பி வழியும் ஒருவர் சாப்பிட்டால் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளலாம்.

சிசேரியன் ஆனவர்களுக்கு வராதா?

இது பரவலான நம்பிக்கை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீத பிரசவங்கள் சிசேரியன். சுகப்பிரசவத்தோடு ஒப்பிட்டால் சிசேரியனில் அழுத்தக் கசிவு வரும் வாய்ப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் இல்லவே இல்லை என்பது உண்மை இல்லை. ஒன்பது மாதம் தூளி மேல் பாரம் உட்கார்ந்திருப்பது இரண்டு பிரசவத்துக்கும் பொதுதானே?

உடல் எடையும் முக்கியமான காரணம். அதே ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. எடை குறைந்தால் கசிவு குறையுமா என்று அமெரிக்காவில் 338 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009-ல் வெளியானது. ஆறு மாத எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்தார்கள். வாரத்தில் கசியும் தடவைகள் அவர்களுக்கு 47 சதவீதம் குறைந்தன. வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம். 70 கிலோ இருக்கும் ஒருவருக்கு 8 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. எட்டாத இலக்கு இல்லை.

மலச்சிக்கலில் முக்குவது, விடாத இருமல், மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவது, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் காரணப் பட்டியலில் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ, கால் வீக்கத்துக்கோ தரப்படும் நீர் மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க எழுந்து ஓடுபவர்கள், அதைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே பாதி பிரச்னை தீரலாம்.

கரும்பு, கோரை, தலைச்சுமை

மோகனூர் காவிரிக்கரை ஊர். எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்து வாங்கல். கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை என்று வயல் வேலைக்குப் பஞ்சமில்லாத பகுதி. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான். குனிந்து நிமிர்வது, கட்டு தூக்குவது, தலைச்சுமையோடு வரப்பில் நடப்பது எல்லாம் இங்குள்ள பெண்களின் அன்றாட வேலை. பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைத் தூளி மேல் அழுத்தம் இறங்குகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கசிவு தெரியும். சிலருக்கு கர்ப்பப்பை இறக்கமும் சேர்ந்துகொள்ளும்.

வேலை செய்யும் இடத்தில் கழிவறை இல்லை என்பது இன்னொரு அடி. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம்தான் என்று இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கசிவு பயம் உள்ளவர்கள் இன்னும் குறைப்பார்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், அவசர உணர்வு கூடும், கிருமித் தொற்றும் வரும், மலச்சிக்கலும் வரும். கசிவை மறைக்கச் செய்வதே கசிவை வளர்க்கிறது. நாமக்கல் வெயிலில் வயலில் நிற்பவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வரும் மற்ற ஆபத்துகள் தனி.

கரும்பு வயலில் வேலை செய்யும் பெண்களின் அடிவயிற்றுப் பிரச்னைகளை நாடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. 2019-ல், மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில். கரும்பு வெட்டப் போகும் பெண்களில் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் அதிகம் என்ற செய்தி வெளியாகி, நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. கணக்கெடுக்கப்பட்ட 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேருக்கு கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதாவது ஆறில் ஒருவருக்கு. மோகனூரில் அப்படி நடக்கிறது என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, கசிவு என்று வரும் பெண்ணுக்கு "எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்ற பதில் எவ்வளவு சுலபமாகச் சொல்லப்பட்டுவிடுகிறது என்பதுதான் விஷயம். தொல்லை விடுவதும் இல்லை. கர்ப்பப்பை நீக்கியவர்களுக்கு, பிற்காலத்தில் அழுத்தக் கசிவுக்கான அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று ஸ்வீடனில் 2007-ல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. புற்றுநோய் போன்ற காரணங்களுக்காக எடுத்தே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. கசிவுக்கு மருந்தாக கர்ப்பப்பையை எடுப்பது கிடையாது.

சரி, பயிற்சி என்றால் என்ன?

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதிய கட்டுரை மூலம் பிரபலமானதால் இதை கெகல் பயிற்சி என்கிறார்கள். முக்கால் நூற்றாண்டு பழசு. வேலை செய்கிறதா என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. அழுத்தக் கசிவு இருந்தவர்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

முதலில் சரியான தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியப் பார்க்கிறது, வெளியே விடாமல் இறுக்குகிறோம் அல்லவா? அந்த இறுக்கம். அதோடு, வந்துகொண்டிருக்கும் சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போன்ற இறுக்கமும் சேர வேண்டும். உள்பக்கமாக மேலே தூக்குவது போல உணர்வு வரும். தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது; ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும்.

செய்யும் முறை இதுதான். இறுக்கிப் பிடித்து ஐந்து வரை எண்ணுங்கள். முழுதாகத் தளர்த்தி அதே அளவு ஓய்வு. தளர்த்துவதும் பயிற்சியில் பாதி, அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஐந்து எண்ண முடியாவிட்டால் இரண்டு, மூன்றில் ஆரம்பிக்கலாம். போகப்போக பத்து வரை கொண்டுபோகலாம். இப்படி ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு மருத்துவர்களுக்கு வகுத்த வழிகாட்டுதலில் சொல்லும் கணக்கும் இந்த எட்டும் மூன்றும்தான். மூன்று மாதமாவது செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று விட்டவர்கள்தான் அதிகம். தசை பலப்பட அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும்.

ஆரம்பத்தில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு செய்வது சுலபம். பழகிவிட்டால் உட்கார்ந்து, நின்று, பால் காயும் நேரத்தில், சீரியல் பார்க்கும்போது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது. அடுத்த கட்டமாக ஒரு நுட்பம்: தும்மல் வரப்போகிறது, குடத்தைத் தூக்கப்போகிறோம் என்று தெரிந்த நொடியில், முன்கூட்டியே அந்தத் தசையை இறுக்கிவிடுவது. கட்டு தூக்கும் பெண்களுக்கு இந்த ஒன்றே பெரிய வித்தியாசத்தைத் தரக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரு முறை மட்டும். தினமும் அப்படியே பயிற்சி செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் பழகிவிடும். இன்னொன்று, நிறையப் பேர் மேலே தூக்குவதற்குப் பதில், முக்குவது போலக் கீழே தள்ளுகிறார்கள். அது தூளியை இன்னும் தொய்ய வைக்கும். அடிவயிற்றிலோ பிறப்புறுப்பிலோ ஏற்கெனவே வலியும் இறுக்கமும் இருப்பவர்களுக்குத் தசை தளர வேண்டியிருக்கலாம், இறுக்குவது அவர்களுக்கு எதிர்விளைவைத் தரும். இதனால்தான் யூடியூப் பார்த்துச் செய்வதைவிட, ஒருமுறையாவது மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ சரியாகச் செய்கிறோமா என்று காட்டிக்கொள்வது நல்லது. யோகாவில் அசுவினி முத்திரை, மூலபந்தம் என்று சொல்லித்தரப்படுவதிலும் இந்தப் பகுதியை இறுக்கும் அசைவு உண்டு. ஏற்கெனவே பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

"எதுக்கும் ஒருவாட்டி போயிட்டு வந்துடறேன்"

அவசரக் கசிவுக்கு வேறு பயிற்சியும் தேவை. பஸ் ஏறுவதற்கு முன், கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன், படுப்பதற்கு முன் என்று உணர்வே இல்லாமல் "எதுக்கும்" போய்விட்டு வருவது பலரின் பழக்கம். எப்போதாவது என்றால் பரவாயில்லை. அரைமணிக்கு ஒருதரம் என்று ஆகிவிட்டால், கொஞ்சம் நிறைந்தாலே கூப்பிட வேண்டும் என்று சிறுநீர்ப்பை கற்றுக்கொள்ளும்.

இதைத் திருப்பிப் பழக்குவதுதான் சிறுநீர்ப்பைப் பயிற்சி. இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறவர், அதை ஒன்றே கால் மணி நேரமாக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் உணர்வு வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, இடுப்புத்தள தசையை நாலைந்து முறை இறுக்கி, கவனத்தை வேறு எதிலாவது திருப்பினால், அந்த அலை அடங்கும். பிறகு நிதானமாகப் போகலாம். சில நாள் கழித்து இன்னும் கால் மணி நேரம். பகலில் மூன்று மணி நேர இடைவெளி வந்தால் போதும். குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும். டீ, காபியைக் குறைத்துப் பார்ப்பதும், தண்ணீரைப் பகலில் தேவையான அளவு குடித்துவிட்டு ராத்திரி படுக்கும் நேரத்தில் மட்டும் குறைப்பதும் உதவும்.

வயதானவர்கள் விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ராத்திரி அவசரத்தில் எழுந்து இருட்டில் ஓடி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களின் கதையை எந்த எலும்பு மருத்துவரும் சொல்வார். கட்டிலில் இருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு, வழியில் கால்மிதி இல்லாத தரை, கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி. டயாப்பர் பாக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

மாத்திரை, ஆபரேஷன் எப்போது?

பயிற்சிக்கு அடங்காத அவசரக் கசிவுக்கு மாத்திரைகள் உண்டு. ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனசின் ஒரு வகை. மிராபெக்ரான் இன்னொரு வகை. முதல் வகையில் வாய் வறட்சி, மலச்சிக்கல் வரலாம். வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம் என்பதால் எச்சரிக்கை தேவை. இரண்டாவது வகைக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். அழுத்தக் கசிவுக்கு இந்த மாத்திரைகள் பயன்படாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் கிரீம், கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்ளே பொருத்தும் வளையம் என்று எளிய வழிகளும் உள்ளன.

அறுவை சிகிச்சை கடைசிப் படி. அதில் வலை பொருத்தும் முறையில் பல பெண்களுக்குத் தீராத வலியும் பாதிப்பும் ஏற்பட்டதால், 2018 ஜூலையில் இங்கிலாந்து அதை நிறுத்தி வைத்தது. வலை வைக்கப்போகிறீர்களா, உடம்பிலிருந்தே எடுத்த திசுவை வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

வீடு தேடி வரும் மருத்துவம் இதைக் கேட்கிறதா?

கதையின் முக்கியமான இடம் இதுதான். தமிழ்நாட்டில் ஒரு வசதி ஏற்கெனவே வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பு, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் பை. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

அறிவிக்கப்பட்ட இந்தச் சேவைப் பட்டியலில் சிறுநீர்க் கசிவு என்ற பெயர் இல்லை. ஆனால் அதற்குத் தேவையானவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கேட்பதற்கு, அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண். சொல்லித்தருவதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவருக்குக் கையை அசைக்கச் சொல்லித்தர வீட்டுக்கு வருகிறவர், அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு அம்மாவுக்கு இடுப்புத்தளப் பயிற்சி சொல்லித்தர எத்தனை நிமிடம் ஆகும்? அதற்குத் தனிப் பயிற்சியும், பெண் பிசியோதெரபிஸ்டும் வேண்டும் என்பது நியாயமான வாதம். புதுக் கட்டடமோ, புது மிஷினோ வேண்டாம் என்பதும் நியாயம்தான்.

சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் அந்த நேரத்தில், "இருமும்போது, தும்மும்போது உங்களை அறியாம ஒண்ணுக்குப் போயிடுதாங்க?" என்று ஒரு கேள்வி சேர்ந்தால் போதும். தானாக முன்வந்து சொல்வதற்கு நம் பெண்கள் தயங்குவார்கள். ஈரத்தோடு சாமி கும்பிடப் போகக் கூடாது என்று நினைத்து காந்தமலை முருகன் கோயில் படியேறுவதையே விட்டவர், அதைப் போய் ஆண் டாக்டரிடம், வரிசையில் பத்துப் பேர் நிற்கும் ஓ.பி.யில் எப்படிச் சொல்வார்? கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமும் கூட. 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மோகனூர்க்காரருக்கு மேல்சிகிச்சை வேண்டுமென்றால் சேலத்துக்கோ கோவைக்கோ ஓட வேண்டிய காலம் இல்லை இது.

ஆண்களுக்கும் உண்டு

புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்களுக்கும் கசிவு வரும். அவர்களுக்கும் இதே தசைதான், இதே பயிற்சிதான். சிறுநீர் மெல்லிய தாரையாக, விட்டுவிட்டுப் போவது, முழுதாகப் போன திருப்தி இல்லாதது இருந்தால் பயிற்சியில் இறங்குவதற்கு முன் புராஸ்டேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

தாமதிக்கவே கூடாதவை எவை?

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடியோடு வராமல் அடிவயிறு வீங்குவது, பிரசவத்துக்குப் பிறகு இரவு பகலாக நிற்காமல் சொட்டுவது. இவை இருந்தால் பயிற்சி பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. முதுகுவலியோடு திடீரென்று கால் பலவீனமாகி, உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடும் போனால் அது முதுகுத்தண்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, 108-ஐ அழைத்துப் போக வேண்டும்.

மற்றவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். போவதற்கு முன் மூன்று நாளைக்கு ஒரு சின்னக் குறிப்பு எடுத்துக்கொண்டு போவது டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்: எத்தனை மணிக்கு என்ன குடித்தது, எப்போது சிறுநீர் போனது, எப்போது கசிந்தது, அப்போது இருமினோமா, ஓடினோமா. எழுதத் தெரியாதவர்களுக்கு காலண்டர் தாளில் பேத்தி குறித்துக் கொடுக்கலாம். டாக்டர் முன்னால் வாய் வராவிட்டால் அந்தத் தாளை நீட்டினாலே போதும்.